அயல்நாட்டுக் கல்வியும் அணுவிரதமும்

 

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்து. அவற்றுள் வாய்மையும் கள்ளாமையும் இன்று ஒரு புதிய வடிவில் இளைஞர் கையில் வந்து சேர்கின்றன. அவ்வடிவம் கல்வி விசா.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் கடல் கடந்து படிக்கச் செல்கின்றனர். நகையை அடகு வைத்தும் வங்கிக் கடன் பெற்றும் பெற்றோர் அனுப்புகின்றனர். குளிருடை முதல் காக்ரா பொட்டலம் வரை எண்ணி எடுத்து வைக்கும் குடும்பம், விசாவின் நிபந்தனைகளைப் படிப்பதை மட்டும் முகவரிடம் விட்டுவிடுகிறது.

அந்நிபந்தனைகள் கடினமானவை அல்ல. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் பருவக் காலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். சொந்தத் தொழில் கூடாது. ஆஸ்திரேலியாவில் வரம்பு இரு வாரங்களுக்கு 48 மணி நேரம். கனடாவில் வளாகத்திற்கு வெளியே வாரத்திற்கு 24 மணி நேரம். அமெரிக்காவில் வளாகத்திற்குள் வாரத்திற்கு 20 மணி நேரம். முகவரி மாறினால் 10 நாளுக்குள் தெரிவித்தல் வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, ஆதலால் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டறிவதே தக்கது.

இவை அயலார் மீது சுமத்தப்படும் கொடுமை எனச் சிலர் கருதுவர். தாம்பரத்திலும் வண்டலூரிலும் காட்டாங்குளத்தூரிலும் உள்ள கல்லூரிகளில் அயல்நாட்டு மாணவர் பயில்கின்றனர். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருவோர் 14 நாளுக்குள் பதிவு செய்தல் வேண்டும்; கல்வி விசாவில் வேலைக்குச் செல்லுதல் கூடாது. அவர்களுக்கு வீடு கொடுப்பவரும் 24 மணி நேரத்திற்குள் அரசுக்கு அறிவித்தல் வேண்டும். இங்கு முறையெனப்படுவது அங்கு கொடுமை ஆகாது.

உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் விரதங்களைக் கெடுக்கும் குற்றங்களை வகுத்துரைக்கிறது. வாய்மையைக் கெடுப்பவற்றுள் பொய் ஆவணம் புனைதல் ஒன்று. கள்ளாமையைக் கெடுப்பவற்றுள் அரசு விதித்த வரம்பை மீறுதல் ஒன்று. போலி வங்கி இருப்புச் சான்றும், கணக்கில் வாராத கூலியும் இவற்றுள் அடங்கும்.

வினை மூவகையால் வந்து சேரும்: செய்தல், செய்வித்தல், உடன்படுதல். முகவர் பொய்ச் சான்று தயாரித்தால் அவர் செய்தவர். பணம் கொடுத்தவர் செய்வித்தவர். அறிந்தும் வாளாவிருந்த பெற்றோர் உடன்பட்டவர். ஒருவரும் தப்புவதில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என ஒன்று இருந்தது. வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. அது குடிவரவுத் துறையே நடத்திய பொறி என்பது 2019 சனவரியில் வெளிப்பட்டது. முதலில் பிடிபட்ட மாணவர் 130 பேரில் 129 பேர் இந்தியர். ஏமாற்றப்பட்டோம் என்று அவர்களுள் பலர் முறையிட்டனர். அம்முறையீட்டில் நியாயமும் உண்டு. ஆயினும் வகுப்பே நடவாத கல்லூரிக்குக் கட்டணம் செலுத்தும்போது உள்ளம் ஒரு கேள்வி கேட்டிருக்கும். அக்கேள்விக்குச் செவிசாய்த்தவர் தப்பினர். ஊர் திரும்பியவருக்குப் பட்டம் இல்லை. கடன் மட்டும் எஞ்சியது.

1888இல் மோகன்தாஸ் காந்தி சட்டம் பயில இலண்டன் புறப்பட்டபோது அன்னை புத்லிபாய் தயங்கினார். பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி, மது, மாது, புலால் ஆகியவற்றைத் தீண்டுவதில்லை என இளைஞரைச் சபதம் செய்வித்தார். அன்னை விடை கொடுத்தார். இலண்டனில் அதைக் கண்காணிப்பார் எவருமில்லை. நண்பர் புலாலுண்ண வற்புறுத்தினர். பசியோடு கழிந்த நாள்களும் உண்டு. சபதம் நின்றது.

விசா விண்ணப்பத்தில் இடும் கையொப்பமும் சபதமே. வாடகையும் கடன் தவணையும் நெருக்கும்போதுதான் அது சோதிக்கப்படுகிறது. அச்சோதனையில் பிள்ளையைத் தனியே விடலாகாது. முதலாண்டுச் செலவு முழுவதற்கும் வழி கண்ட பின்னரே பெற்றோர் அனுப்புதல் வேண்டும். தொலைபேசியில் "எவ்வளவு சம்பாதித்தாய்?" என்று கேட்பதை விடுத்து, "செலவுக்குப் போதுகிறதா? வகுப்பிற்குத் தவறாமல் செல்கிறாயா?" என்று கேட்டல் வேண்டும். பிள்ளை நெறி நிற்பதற்குப் பெற்றோர் செய்யும் உதவி அதுவே.

ஜெய் ஜினேந்திரா!