பெயர் கேள்விக்குறி ஆகும்போது

(செஞ்சியில் இ-சேவை மைய இயக்குநர்களுக்கும் இளம் நிரலாளர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினி முன் உட்கார்ந்து விண்ணப்பம் ஏற்றுபவர்களும் இங்கே இருக்கிறீர்கள். கல்லூரி முடித்து நிரல் எழுதத் தொடங்கியவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் இரு தரப்புக்கும் பொதுவான ஒரு தொல்லையைப் பற்றிப் பேசலாம்னு வந்தேன். சான்றிதழ் அச்சாகி வருது. தேதி சரி, எண் சரி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வரிசையாகக் கேள்விக்குறி. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற அம்மாவுக்கு நாளைக்குப் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கணும். "சர்வர் பிரச்சினைம்மா, அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடுகிறோம். அந்த 'சர்வர் பிரச்சினை'க்குள் என்னதான் இருக்கு?

பெரிய சேவை மென்பொருள்கள் பலவும் ஜாவாவில் எழுதப்பட்டவை. ஜாவா நிரல் நேராகக் கணினியின் மேல் ஓடுவதில்லை. ஜேவிஎம் என்கிற இயக்கச் சூழலுக்குள் ஓடுகிறது. நினைவகம் ஒதுக்குவது, வேண்டாததைக் கழிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. ஆனால் கட்டணம், தகுதி விதி மாதிரி அடிக்கடி மாறும் பகுதிக்காக முழு மென்பொருளையும் மறுபடி கட்டி ஏற்றுவது பெரிய வேலை. அதனால் அந்த விதிகளை மட்டும் சின்னச் சின்ன ஸ்கிரிப்டாக எழுதி ஜேவிஎம்முக்குள் ஓடவிடுவார்கள். ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம், க்ரூவியில் எழுதலாம், பைத்தானின் ஜாவா வடிவமான ஜைத்தானில் எழுதலாம்.

ராஜகிரி ஏறியவர்களுக்குத் தெரியும்: உச்சிக்குச் சற்றுமுன் ஆழமான ஒரு பிளவு, அதன்மேல் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. ஸ்கிரிப்டை ஜேவிஎம்முக்குள் கொண்டுபோகும் எஞ்சின் அந்தப் பாலம் மாதிரிதான்.

பாலத்தை எடுத்த கதையும் உண்டு. 2006-இல் வந்த ஜாவா 6-இல் ரைனோ என்ற ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் கூடவே வந்தது. 2014-இல் ஜாவா 8-இல் அதற்குப் பதிலாக நாஷோர்ன் வந்தது. (இரண்டுக்கும் காண்டாமிருகம் என்றுதான் பொருள், பின்னது ஜெர்மன் சொல்.) 2018-இல் ஜாவா 11, "இது விரைவில் நீக்கப்படும்" என்று எச்சரிக்கத் தொடங்கியது. 2020-இல் ஜாவா 15-இல் நீக்கியே விட்டார்கள். எட்டிலிருந்து நேராகப் பதினேழுக்குத் தாவினால், ஸ்கிரிப்டில் ஒரு எழுத்துகூட மாறாமலேயே சேவை நிற்கும். எஞ்சினைக் கேட்கும்போது 'நல்' என்று வெறுங்கை திரும்புகிறது. அடுத்த வரியில் நல் பாயிண்டர் எக்செப்ஷன். நாஷோர்னைத் தனி நூலகமாகச் சேர்த்தாலே இது சரியாகிவிடும். நேராகத் தாவியதால் இடையில் வந்த எச்சரிக்கையைப் பார்க்க வாய்ப்பே இல்லாமல் போனதுதான் வேதனை.

ஜைத்தானில் இன்னொரு சிக்கல். அது பைத்தான் 2.7-ஐத்தான் புரிந்துகொள்ளும். கல்லூரியில் பைத்தான் 3 படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் தங்கள் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு இங்கே ஏற்றினால் இலக்கணப் பிழை என்று வரும். எங்கே ஓடப்போகிறதோ அங்கேயே ஓட்டிப் பாருங்க.

இப்போ கேள்விக்குறிக்கு வருவோம். 'செஞ்சி' என்று எழுதினால் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் அது 6 குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 18 பைட். பழைய ஜாவா, எந்த எழுத்துமுறை என்று நிரலில் சொல்லாவிட்டால், தான் நிற்கும் இயங்குதளத்தைக் கேட்டுக்கொள்ளும். லினக்ஸ் சர்வரில் நீங்கள் உள்நுழைந்து கையால் தொடங்கினால் உங்கள் மொழி அமைப்பை எடுத்துக்கொள்ளும். தமிழ் அழகாக வரும். அதே சேவை, இரவு மின்தடைக்குப் பிறகு தானாக எழுந்தால், மொழி அமைப்பே இல்லாமல் எழலாம். அப்போது அதற்குத் தெரிந்தது வெறும் ஆங்கில எழுத்துகள்தான். தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிடும். "நேத்து நல்லா ஓடுச்சே சார், நாங்க எதையுமே மாத்தலையே!" என்று சொல்வது உண்மைதான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். 'செஞ்சி' இருந்த இடத்தில் 6 கேள்விக்குறி என்றால் எழுதும்போது தொலைந்தது. 18 என்றால் படிக்கும்போதே குழம்பியிருக்கிறது. மூலக் கோப்பு பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். கேள்விக்குறியாகத் தரவுத்தளத்தில் சேமித்துவிட்டால் அதிலிருந்து பெயரை மீட்க முடியாது. விண்ணப்பத்தைப் பார்த்து மறுபடி தட்ட வேண்டியதுதான். கட்டம் கட்டமாக வந்தால் பயப்பட வேண்டாம், எழுத்துரு இல்லை, அவ்வளவே. தலையில் தொப்பி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால், பைட்டுகள் இருக்கின்றன, வேறு முறையில் படித்துவிட்டார்கள். பொருளில்லாத ஆங்கில எழுத்துகள் என்றால் வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பாக இருக்கலாம். அதை யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆகணும்.

2022-இல் வந்த ஜாவா 18 முதல் யூடிஎஃப்-8 தான் இயல்பு. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் சேவையைத் தொடங்கும் கோப்பிலேயே மொழி அமைப்பைக் குறிப்பிடுங்கள். எதுவானாலும், கோப்பைப் படிக்கும் எழுதும் இடத்தில் எழுத்துமுறையை நிரலிலேயே சொல்லிவிடுவது என் கட்சி.

நீளமும் கவனிக்கணும். பெயருக்கு 50 என்று இடம் ஒதுக்கினால், சில தரவுத்தளங்களில் அது 50 பைட். 'மீனாட்சிசுந்தரம்' கண்ணுக்கு 9 எழுத்து, 48 பைட். முன்னால் 'க' என்ற முன்னெழுத்தும் ஒரு புள்ளியும் சேர்ந்தால் 52. ஏற்காது. அப்பா பெயரின் முதல் எழுத்து சேர்ந்ததால் ஒருவருக்குச் சான்றிதழ் தடைபடுவது என்ன நியாயம்?

நிரலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் இந்த க. மீனாட்சிசுந்தரத்தை ஒரு சோதனை விண்ணப்பமாக அனுப்பி, அச்சு வரை பாருங்க. கையால் தொடங்கி அல்ல, சர்வரை மறுதொடக்கம் செய்து, சேவை தானாக எழுந்த பிறகு.

மையத்தில் இருப்பவர்கள் புகார் எழுதும்போது 'பெயர் வரவில்லை' என்று மட்டும் எழுதாதீங்க. என்ன வந்தது, எத்தனை வந்தது, எப்போதிலிருந்து, ஒருவருக்கா எல்லோருக்குமா என்று எழுதி, திரைப் படத்தையும் சேர்த்து அனுப்புங்க. அதுவரை அந்த மாதிரிப் பதிவை 'சேமி' கொடுக்காமல் நிறுத்தி வையுங்க.

கேள்விகள் இருந்தால் இப்போ கேட்கலாம்.