குழந்தைகளும் விளையாட்டு இஞ்சின்களும்
(கிராமத்துப் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஆறு வயதுக் குழந்தை தையற்காரரிடமிருந்து காலி நூற்கட்டையைக் கொண்டுவந்தால், குப்பையென்று பிடுங்கி எறியாதீர்கள். அஃது ஓர் இஞ்சினாகக் கூடும். ரப்பர் வளையமொன்றைக் கட்டையின் துவாரத்திற் கோத்து, ஒரு முனையைச் சிறு குச்சியால் அசையாமல் நிறுத்துக. மறுமுனையில், நடுவே துளையிட்ட மெழுகு வில்லையை வைத்து நீண்ட குச்சியைச் செருகுக. குச்சியை 20 சுற்று முறுக்கித் தரையில் விட்டால் கட்டை மெல்ல ஊர்ந்து செல்லும்.

குழந்தை இதிற் கற்பது யாது? தன் கையின் உழைப்பு ரப்பருக்குள் தங்கியிருந்து பின்னர் வெளிப்படுவதைக் கண்ணாரக் காண்கிறது. மெழுகில்லையேல் குச்சி கட்டையோடு உராய்ந்து சிக்கிக்கொள்ளும். குச்சி குட்டையானால் குச்சியே சுழலும், கட்டை நகராது. வழவழப்பான தரையில் வழுக்கும் கட்டை, விளிம்பிற் பல் வெட்டியபின் சிறு மேட்டிலும் ஏறும். கடையில் விற்கும் சாவி இரயிலோ தன் வயிற்றைத் திறந்து காட்டுவதில்லை. உடைந்தால் அழுகையே மிச்சம்!

இஞ்சின் நின்றவுடன் நாம் அதைப் பறித்துச் சீராக்கிக் கொடுத்துவிடுகிறோம். அவ்வழக்கத்தை விடும்படி வேண்டுகிறேன். எங்கே பிடிக்கிறதென்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பெண் குழந்தையாயினும் அவ்வாறே. அவளைச் சொப்பு விளையாட்டுக்கு விரட்ட வேண்டாம். கத்தியாற் பல் வெட்டுவதை மட்டும் மூத்தவர் செய்து கொடுக்கலாம். ரப்பர் வளையம் தவழும் குழந்தையின் கைக்கு எட்டாதிருக்கட்டும்.