உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் ஒரு வருடம்

(எமது பாடசாலையின் நூற்றாண்டு நிகழ்வுகளின்போது உயர்தர மாணவிகள், பெற்றோர், பழைய மாணவியர் முன்னிலையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



உங்கள் முன் நிற்பது ஒருவர் என்றாலும், பேசுவது 1990களின் இறுதியில் உயர்தரம் எழுதிவிட்டு இந்த வாயிலால் வெளியே போன ஒரு வகுப்பு. இந்த உரையைத் தயாரிக்க எம்மில் பலர் தொலைபேசியில் கூடிக் கதைத்தோம். அதனால்தான் 'நாம்' என்று சொல்கிறோம்.

பாடசாலை முடிந்ததும் நேரே பல்கலைக்கழகம் போகாமல் ஒரு வருடத்தை இடையில் விடலாமா என்பதே சங்கம் எமக்குத் தந்த தலைப்பு. இங்கிலாந்தில் உள்ள எமது சகோதரிகளின் வீடுகளில் இது பிள்ளை வாய்திறந்து கேட்கும் கேள்வி. இடம் தந்த பல்கலைக்கழகத்திடம் அடுத்த வருடம் வருவதாக முன்கூட்டியே சம்மதம் பெற்றுக்கொண்டு, இடையில் வேலை செய்யவோ பயணம் போகவோ அங்கே வழி உண்டு.

எமது நாட்டில் அந்த வருடத்தை யாரும் கேட்பதில்லை. அது தானாகவே வந்து சேருகிறது. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நடந்தது. பெறுபேறு செப்டெம்பரில் வந்தது. அதன்பின் விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு என்று இன்னும் மாதங்கள். கொவிட்டும் பொருளாதார நெருக்கடியும் அந்தக் காலத்தை நீட்டின என்பது உண்மை. ஆனால் 1980களின் இறுதியில் பல்கலைக்கழகங்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததை எமது அக்காமார் மறக்கவில்லை. காத்திருப்பது எமக்குப் புதிதல்ல.

எமது வகுப்பும் நீண்டகாலம் காத்திருந்தது. 2002இல் ஏ9 பாதை திறக்கும்வரை கொழும்புக்குப் போவதென்றால் கப்பலையோ விமானத்தையோ பார்த்திருக்க வேண்டும். ஊரை விட்டு எங்கும் போக முடியாத அந்தக் காலத்தில் எம்மில் சிலர் சின்ன வகுப்புகளுக்குத் தொண்டர் ஆசிரியராகப் போனோம். சிலர் தட்டச்சும் தையலும் பழகினோம். ஒருத்தி கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கு எழுதினாள். இன்னும் சிலர் வீட்டிலேயே இருந்தோம். வாசலில் யாரையும் கண்டால், "என்ன பிள்ளை, கம்பஸ் கிடைச்சிட்டுதோ?" என்று கேட்பார்களே என்று உள்ளே போய்விடுவோம்.

இத்தனை வருடங்களின் பின் பேசிப் பார்த்தபோது எல்லோரும் ஒன்றையே சொன்னோம். காலையில் எழுந்து முகம் கழுவிப் போவதற்கு ஓரிடம் இருந்தவர்களுக்கு அந்தக் காலம் வீணாகவில்லை. அந்த ஓரிடம் என்ன என்பது பெரிய விடயமாக இருக்கவில்லை. சம்பளம் இருந்ததா என்பதும் அப்படித்தான்.

பிள்ளைகளே, உங்களுக்கு உண்மையான தீர்மானம் பெறுபேறு வந்த அன்றுதான் தொடங்கும். நினைத்த துறைக்குப் புள்ளி போதாவிட்டால், கிடைப்பதற்குப் போவதா, இன்னொரு வருடம் கொடுத்து மறுபடி எழுதுவதா? அரச பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை எழுதலாம். மூன்று தடவை தந்திருக்கிறார்கள் என்பதற்காக மூன்றையும் எழுதித் தீர்க்க வேண்டும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள்.

பெற்றோர் இங்கே இசட் புள்ளியை விளங்கிக்கொள்ள வேண்டும். எமது காலத்தில் பாடப் புள்ளிகளின் கூட்டுத்தொகைதான் கணக்கு. இப்போது, அந்தப் பாடத்துக்கு அந்த வருடம் தோற்றியவர்களின் சராசரியிலிருந்து பிள்ளையின் புள்ளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதே கணக்கு. அவள் 10 புள்ளி கூட எடுத்தாலும், மற்ற எல்லோரும் 10 புள்ளி கூட எடுத்திருந்தால் இசட் புள்ளி அசையாது. அதற்குமேல், இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. எமது மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி அடுத்த வருடம் எங்கே நிற்கும் என்று எந்த ரியூட்டரி ஆசிரியராலும் உறுதி தர முடியாது.

ஆகவே மறுபடி எழுதுமுன் மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி விடை தேடுங்கள்.

முதலாவது, புள்ளி குறைந்ததற்குக் காரணம் தெரியுமா? பரீட்சை நேரத்தில் காய்ச்சல், வீட்டில் ஒரு மரணம், ஒரே ஒரு பாடம் காலை இழுத்தது என்றால், இன்னொரு வருடம் அதைச் சரிசெய்யக்கூடும். மூன்று பாடங்களையும் முழுமூச்சாகப் படித்தும் வெட்டுப்புள்ளிக்கு வெகுதூரம் கீழே நின்றால், அதே ரியூட்டரியில் அதே வாங்கில் போய் இருப்பதால் என்ன மாறப்போகிறது?

இரண்டாவது, கையில் கிடைத்திருப்பது என்ன? உயிரியல் படித்த பிள்ளைக்கு மருத்துவம் கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படித்தவர்கள் இல்லாமல் ஒரு நாளாவது வைத்தியசாலை நடக்காது என்பதை வைத்தியர்களாகிய நாம் சொல்கிறோம். பதிவு செய்தபின் மறுபடி எழுதி வேறு துறைக்கு வருவதற்கு என்ன நிபந்தனை என்பதை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைந்நூலில் தாயும் மகளும் ஒன்றாக இருந்து வரிக்கு வரி வாசியுங்கள். ரியூட்டரி வாசலில் கேட்டதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

மூன்றாவது, மறுபடி எழுதச் சொல்வது யார்? இந்தக் கேள்விக்காகவே நாம் இன்று வந்தோம்.

எம்மில் வைத்தியத்துறைக்குப் போனவர்களிடம் வருடந்தோறும் இப்படிப் பிள்ளைகள் வருகிறார்கள். தலையிடி, நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை, மாதவிடாய் பிந்துகிறது என்பார்கள். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இராது. பிள்ளையிடம் கேட்டால் அம்மா பதில் சொல்வார். அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "எத்தனையாம் தரம் எழுதுறீங்கள்?" என்று கேட்டால் கண்ணீர் வரும். மூன்றாம் தரம் எழுத அவளுக்கு விருப்பமில்லை. அதை வீட்டில் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

பெற்றோர்களே, பிள்ளையைத் தனியே இருத்திக் கேளுங்கள். கேட்டுவிட்டு அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று அவள் ஒருமுறை சொன்னாலும் அதைப் பகிடியாக எடுக்க வேண்டாம். அன்றைக்கே ஒரு வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். பரீட்சை அடுத்த வருடமும் வரும்.

வெளிநாட்டில் வாழும் சகோதரிகளே, உங்கள் மகள் ஒரு வருடம் கேட்டால் படிப்பு விட்டுப்போகும் என்று நீங்கள் பயப்படுவது எமக்கு விளங்குகிறது. புத்தகத்தைத் தவிர எல்லாவற்றையும் பறிகொடுத்த தலைமுறை நாம். ஆனால் நோர்வேயில் இருக்கும் எமது அக்காமாரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே மக்கள் உயர்நிலைப் பாடசாலை என்று ஒரு வகை உண்டு. முதலாவது 1864இல் தொடங்கியது. பரீட்சையும் இல்லை, புள்ளியும் இல்லை. நோர்வேப் பிள்ளைகள் பலர் பல்கலைக்கழகம் போகுமுன் ஒரு வருடத்தை அங்கே கழிக்கிறார்கள். 1980களில் எமது இளைஞர்கள் பலர் மாணவர்களாக அந்தப் பாடசாலைகளுக்குப் போய்த்தான் நோர்வேயில் காலூன்றினார்கள். பரீட்சை இல்லாத ஒரு வருடம் எமது சமூகத்தைக் கெடுக்கவில்லை.

கேட்டவுடன் கொடுத்துவிடுங்கள் என்றும் நாம் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா? எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிகிறது? செலவுக்கு அவள் எவ்வளவு உழைக்கப்போகிறாள்? இவற்றுக்கு அவளே எழுதிக் கொண்டுவந்தால் அது திட்டம். பதில் இல்லாமல், படிக்கவே முடியாத களைப்பு மட்டும் தெரிந்தால், முதலில் அந்தக் களைப்பைக் கவனியுங்கள்.

இங்குள்ள பெற்றோருக்கும் ஒரு கணக்குச் சொல்லவேண்டும். "பெண்பிள்ளைக்கு வயசு போகுது, வீட்டில சும்மா நிக்கிறாள்" என்று கலியாணப் பேச்சைத் தொடங்காதீர்கள். மருத்துவப் படிப்பு 5 வருடம், உள்ளகப் பயிற்சி 1 வருடம். அதற்குப் பிறகு 30 வருடத்துக்கு மேல் வேலை செய்யப்போகும் ஒருத்திக்குத் தொடக்கத்தில் ஒரு வருடம் பெரிய நட்டமல்ல. அந்த வருடத்தில் அவள் ஒடுங்கிப்போனால் அதுதான் நட்டம்.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டுக்குக் கட்டடம் கட்டுகிறோம், நல்லது. அதோடு இன்னொன்றையும் செய்வோம். எம்மில் வைத்தியர், சட்டத்தரணி, கணக்காளர், ஆசிரியர், மருந்தகமும் தையலகமும் நடத்துபவர் என்று எத்தனையோ பேர் இருக்கிறோம். பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளில் ஒருத்தியை மூன்று மாதம் எமது வேலையிடத்தில் சேர்த்துக்கொள்ள ஒவ்வொருவரும் பெயர் கொடுப்போம். பஸ் காசும் மதியச் சாப்பாடும் எமது பொறுப்பு. எமது வகுப்பிலிருந்து பன்னிரண்டு பெயர்கள் எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். தலைவி அவர்களிடம் அதை இப்போது கையளிக்கிறோம். உங்கள் வகுப்புகளின் பெயர்களை மண்டப வாசலில் உள்ள பதிவேட்டில் எழுதிவிட்டுத் தேநீருக்குப் போகுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.