சாய்ந்தால்தான் திரும்பலாம்

தெலுக் பஹாங் – பாலிக் புலாவ் மலைச்சாலை வளைவுகளில் மோட்டார் சைக்கிளோட்டிகள் உடலைச் சாய்த்துத் திரும்புவதைப் பினாங்கு மக்கள் அறிவார்கள். ஐஸ் ஹாக்கிக்கும் அதே சூட்சுமம்தான். சீ விளையாட்டுப் போட்டிகளில் இது முதன்முறையாக இடம்பெற்றது 2017இல், நமது கோலாலம்பூரில்தான்.

சறுக்குக் காலணித் தகட்டின் அடியில் நீளவாக்கில் ஒரு குழிவு. இருபுறமும் கூரிய விளிம்புகள். திரும்பும் பக்கத்துக் கால் முன்னே செல்ல வேண்டும். முழங்கால்கள் மடிய வேண்டும். பார்வையும் தோளும் முதலில் திரும்ப வேண்டும். அப்போது விளிம்புகள் பனியைப் பற்றும். பயந்து நிமிர்ந்தால் வளைவு அகன்றுவிடும்.

பலர் எளிதாக வரும் பக்கமே பழகுகிறார்கள். எதிரணி அதைக் கண்டுகொள்ளும். வராத பக்கத்துக்கே கூடுதல் பயிற்சி தேவை.

பெற்றோரே, தலைக்கவசமும் முட்டிக்காப்பும் அணிவித்து அனுப்புங்கள். விழுந்து எழுந்த பிள்ளைதான் துணிந்து சாயும்.