கழித்த மரமும் குடியிருக்கும் வீடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பழைய பொருள்களைக் கொண்டு வீட்டுச் சாமான் செய்வதைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது எனக்குச் சற்று அச்சமாகவே இருந்தது. நான் பத்தாம் வகுப்புத் தேறியவன். இரயில்வே சரக்குக் கொட்டகையில் எழுத்தனாக இருப்பவன். தச்சுத் தொழிலைக் கற்றவன் அல்லன். ஆயினும் இந்த விஷயத்தில் ஒரு தவறு செய்து, அதன் பலனை என் மகள் அனுபவிக்கக் கண்டவன். அந்த ஒரு தகுதியைக் கொண்டே உங்கள் முன் நிற்கிறேன்.

நாம் பிழைக்க வந்த இந்தச் சண்டிகர் நகரம், கழித்த பொருளின் அருமையை அறிந்த நகரமும் ஆகும். அறியாத நகரமும் ஆகும். பொதுப்பணித் துறையில் சாலை மேற்பார்வையாளராக இருந்த நெக் சந்த், 1957ஆம் ஆண்டு சுக்னா ஏரிக்கு அருகே காட்டுப் பகுதியில் யாருக்கும் சொல்லாமல் ஒரு தோட்டம் அமைக்கத் தொடங்கினார். புதிய நகருக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் இடிபாடுகளையும், உடைந்த வளையல், பீங்கான் முதலியவற்றையும் மிதிவண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அரசு நிலத்தில் அனுமதியின்றிச் செய்த வேலை அது. வெளிப்பட்டபோது இடிக்கப்படும் நிலையும் வந்தது. மக்கள் ஆதரவால் தப்பி, 1976இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் நாம் முதலில் அழைத்துச் செல்லும் பாறைத் தோட்டம் அதுதான்.

அதே நகரில் மற்றொன்றும் நிகழ்ந்தது. பியேர் ஜான்னரே என்னும் கட்டடக் கலைஞரும் அவருடன் உழைத்தவர்களும் வகுத்த தேக்கு நாற்காலிகள், பிரம்பு பின்னிய இருக்கையோடு, இங்குள்ள அலுவலகங்களில் ஏராளமாக இருந்தன. பிரம்பு அறுந்ததும், கால் ஆடியதும் அவை கழிவென்று எழுதப்பட்டுக் குவியல் குவியலாக ஏலத்துக்குப் போயின. வெளிநாட்டு வணிகர்கள் வாங்கிச் சீர்செய்து இலட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றார்கள். 2011இல்தான் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்பதைத் தடுத்தது. கழிவென்று பதிவேட்டில் எழுதுகிறவன் என் போன்ற எழுத்தனே. நாற்காலியின் முதுகில் எழுதியிருந்த எண்ணை அவன் சரியாகத்தான் பார்த்திருப்பான், மரத்தைப் பார்க்கவில்லை.

நானும் பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகளை நீங்கள் அறிவீர்கள். கான்கிரீட் கட்டைகள் வந்தபின் மரக்கட்டைகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டு ஏலத்தில் போய்விட்டன. அகலப் பாதைக் கட்டை ஒன்று 275 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 13 செ.மீ. கனம், ஏறக்குறைய மூன்று கன அடி மரம். இத்தகைய மரத்தை இன்று கடையில் வாங்க நம் சம்பளம் போதாது. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் நான்கு கட்டைகள் வாங்கினேன். ரசீதும் வாங்கினேன்; இரயில்வேப் பொருள் திருட்டுப் பொருள் என்று ஐயம் எழுந்தால், நேர்மையாக வந்ததென்று காட்டவேண்டிய பொறுப்பு, வைத்திருப்பவனுடையது என்று 1966ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுகிறது. சட்டத்தில் இவ்வளவு கவனமாக இருந்தவன், கட்டையை முகர்ந்து பார்க்கவில்லை.

தச்சர் மேற்புறத்தை ஓர் அங்குலம் இழைத்து, மகளுக்குப் படிக்கும் மேசை செய்து தந்தார். தேன் நிறத்தில் அழகாக இருந்தது. வராந்தாவில் போட்டோம். குளிர்காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. மே மாதம் வந்தது. ஆணி அடித்த பழைய துளைகளிலிருந்தும் வெடிப்புகளிலிருந்தும் கறுப்பாக ஏதோ கசிந்தது. மகள் முழங்கையை ஊன்றிப் படிப்பவள். கை சிவந்து, வெயில் பட்டபோதெல்லாம் நெருப்புப்போல் எரிந்தது. "இந்தப் பெண் தாரில் கை வைக்கிறாளா?" என்று மருத்துவர் கேட்டபோது என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை.

காரணம் இதுதான். சால், தேக்கு, கோங்கு, வேங்கை போன்ற வைரம் பாய்ந்த மரங்களைப் பாதையில் அப்படியே இடுவார்கள். இமயமலைப் பக்கத்துச் சீர், கைல், தேவதாரு மரங்களுக்கு, பூச்சி அரிக்காமல் இருக்க, கிரியோசோட் என்னும் நிலக்கரித் தார் எண்ணெயை அழுத்தி ஏற்றுவார்கள். நம் பஞ்சாபிலேயே, பியாஸ் ஆற்றை அடுத்த தில்வானில் இதற்கென்று ஆலை இருந்தது. இந்த எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். புற்றுநோய்க்கும் காரணமாகக்கூடும் என்பது மருத்துவர் கருத்து. ஐரோப்பிய நாடுகளில் 2003 முதல் இத்தகைய மரத்தை வீட்டுக்குள் பயன்படுத்துவதற்குத் தடை உண்டு. வெடிப்பு வழியே உள்ளே போன எண்ணெய் ஓர் அங்குலம் இழைத்தால் போய்விடாது. மிஞ்சிய துண்டுகளை அந்தக் குளிர்காலத்தில் அங்கீட்டியில் இட்டுக் குளிர் காய்ந்தோமே, அது இதைவிடப் பெரிய அறியாமை. அந்தப் புகையை மூடிய அறையில் சுவாசித்தோம்.

நம் காலனி இளைஞர்கள் இப்பொழுது சரக்குப் பெட்டிகளின் அடிப்பலகைகளை வாங்கி அலமாரி செய்கிறார்கள். நல்லது. வெளிநாட்டு வாணிபத்துக்கான பலகையில் ஒரு முத்திரை சுட்டிருக்கும். அதில் எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்னும் நச்சுப் புகை காட்டியது, விட்டுவிடுங்கள். எண்ணெய்க் கறையோ மருந்து நாற்றமோ இருந்தால் முத்திரையே பார்க்க வேண்டாம்.

மகளுக்குப் பின்னர் வேறு மேசை செய்தேன். இடித்த வீடொன்றின் தேக்குக் கதவு. மூன்று பூச்சு வண்ணத்துக்கு அடியில் மரம் புத்தம் புதிதாக இருந்தது. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் கட்டி அப்புறப்படுத்தினேன். அதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அந்த மேசையில்தான் அவள் கல்லூரிப் படிப்பு நடக்கிறது.

பழைய மேசையைப் பிரித்து, யார் கையும் படாத கொல்லைச் சாக்கடை ஓரத்தில் மண் சரியாமல் பதித்திருக்கிறேன். வெயில் ஏறினால் இன்றும் அதன் நாற்றம் வரும். கட்டை வாங்க எண்ணுகிறவர்கள் ஒருமுறை வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகலாம். ஞாயிறு காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன்.