இரண்டாவது கேள்விக்குத் தயாராகுங்கள்

கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலைக்கு நேர்காணல் போகவிருக்கும் மதுரை, மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளோடு இன்று பேச வந்திருக்கிறேன்.

கேள்வி பதில் தொகுப்பை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் பலர். 'ஸ்கார்ம் என்றால் என்ன?' என்று கேட்டால் விளக்கம் மடமடவென்று வந்துவிடும். 'மாணவர் பாதியில் நிறுத்திய பாடம் மறுநாள் முதலிலிருந்து தொடங்குகிறது. எங்கே கோளாறு?' என்று அடுத்த கேள்வி வந்தால் வாயடைத்துப் போவார்கள். வேலை தெரிந்தவரை இந்த இரண்டாவது கேள்விதான் காட்டிக்கொடுக்கும்.

பாடமும் அதை நடத்தும் எல்.எம்.எஸ். மென்பொருளும் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான விதிமுறைதான் ஸ்கார்ம். அதன் 1.2 பதிப்பில், விட்ட இடம் முதலான விவரங்களைக் குறித்துவைக்க 4096 எழுத்துக்குறிகளுக்கே இடம். நீளமான பாடத்தில் அந்த அளவு தாண்டினால் சேமிப்பு தவறலாம். சேமிக்கும் கட்டளை போய்ச் சேருமுன்பே மாணவர் பிரவுசரை மூடியிருக்கவும் கூடும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடச் செய்து பார்ப்பதே மேல். மார்ட்டின் டூகியாமஸ் 2002-ல் வெளியிட்ட மூடுல் என்ற எல்.எம்.எஸ். மென்பொருள் இலவசம். உங்கள் கணினியிலேயே நிறுவலாம். சின்னப் பாடம் ஒன்றை ஏற்றிப் பாதியில் மூடுங்கள். திரும்பத் திறந்து மதிப்பெண் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கெட்டுப்போனதைச் சரிசெய்த அனுபவம் பதிலில் தானாகவே தெரியும்.

நம் பள்ளிக்கூடத்தையும் மறந்துவிடாதீர்கள். 2018-ல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இருக்கின்றன. திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி போன்றவை கிடைக்கும். முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொண்டால் இணையம் இல்லாமலும் பார்க்கலாம். அந்த வசதி எதற்கு? வாடிப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் ஒரே கைபேசி, அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும், இணையமும் விட்டுவிட்டுத்தான் வரும் என்று வையுங்கள். அக்காவும் தம்பியும் அதில் மாறி மாறிப் படித்தால் யாருடைய மதிப்பெண் யார் கணக்கில் ஏறும்? இணையம் திரும்பியதும் எது முதலில் பதிவாக வேண்டும்? இப்படிக் கேட்டுப் பழகுகிறவர் எந்த நேர்காணலிலும் திணறமாட்டார்.

பிள்ளைகளே, போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்காருங்கள். அந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்லி, எங்கே தடுமாறுகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள்.