மண்ணுக்கு யார் வழக்காடுவார்?



காணியின் எல்லைக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடுகிறோம். அக்காணியின் மேல்மண் மழையோடு போகும்போது வாய் திறப்பதில்லை. போன மண்ணை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தராது.

அமெரிக்கர் இதனைப் பெருவிலை கொடுத்தே கற்றனர். புல் மூடியிருந்த சமவெளிகளைக் கோதுமைக்காக உழுது திறந்தனர். 1930ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தது. வேர்ப்பிடிப்பு இழந்த மண் புழுதியாய்ப் பறந்தது. 1934 மே மாதத்தில் அப்புழுதி கிழக்குக் கரை நகரங்களையும் மூடிற்று. 1935 ஏப்பிரல் 27இல் மண் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

ஆராய்ச்சிக்குக் குறைவிருந்ததா? இல்லை. மிசூரிப் பல்கலைக்கழகத்தார் 1917இலேயே சிறு பாத்திகள் அமைத்து, சோளநிலமும் புற்றரையும் இழக்கும் மண்ணை அளக்கத் தொடங்கிவிட்டனர். புல்லே மண்ணின் காவலன் என்பது தெளிவாயிற்று. ஆனால், ஏட்டில் இருந்த உண்மை வயலுக்கு வரவில்லை.

அதனை வயலுக்குக் கொணர்ந்தது 1937ஆம் ஆண்டின் மாதிரிச் சட்டமே. கமக்காரரே மனுச் செய்து, வாக்களித்து, மண் பாதுகாப்பு மாவட்டங்களை அமைக்க அது வழி வகுத்தது. சரிவுக்குக் குறுக்கே உழவும், பயிர்களுக்கிடையே புல் வளர்க்கவும் அவர்கள் தாமே முன்வந்தனர்.

இலங்கையிலும் 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. ஆயினும், வெள்ளத்தைத் தடுப்பது சட்டப் புத்தகமன்று, வரப்பே. வரப்புக் கட்டுவோனின் சம்மதத்தைப் பெறாத சட்டம் மண்ணைக் காக்காது. அச்சம்மதத்தை ஊர்தோறும் திரட்டுவதே நம் கடன்.